14 கோர் ஜியானா, 8 கோர் லேப்டாப்பா: ரிச்சி ஸ்ட்ரீட் கணக்கு

சென்னை அண்ணா சாலையிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பி நரசிங்கபுரம் தெருவை எட்டுவதற்குள், பழைய சர்வர் பிராசசர் போட்ட அசெம்பிள் கம்ப்யூட்டரைக் காட்டி "28 கோர் சார், இந்தக் காசுக்கு லேப்டாப்ல இதுல பாதிகூட வராது" என்று யாராவது கூப்பிடுவார்கள். 28 என்பது த்ரெட், கோர் 14தான். கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி; ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசையை ஓட்டும், அந்த வரிசைதான் த்ரெட். லேப்டாப்பில் பாதிகூட வராது என்பது 2017-ல் சரியாக இருந்தது. இப்போது லேப்டாப் சிப்தான் பெரும்பாலான வேலைகளில் முந்துகிறது. ஆனாலும் பழைய ஜியானை, அதாவது இன்டெல்லின் அந்த சர்வர் பிராசசரை, தேடிப்போய் வாங்குவதற்கு நல்ல காரணங்கள் இரண்டு மூன்று உண்டு. விற்பவர்கள் அவற்றைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இங்கே எடைபோடும் சர்வர் சிப் இன்டெல் ஜியான் இ5-2680 வி4. 2016-ல் வந்தது. அன்று இன்டெல் அறிவித்த விலை 1,745 டாலர். டேட்டா சென்டர்கள் தங்கள் சர்வர்களை மாற்றியபோது லட்சக்கணக்கில் கழித்துக்கட்டப்பட்டு, இன்று அதில் மிகச் சிறிய பங்கு விலைக்குக் கிடைக்கிறது. 14 கோர், 28 த்ரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 3.3, சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகமான கேஷ் 35 எம்பி, 120 வாட். எதிரே நிற்பது ஏஎம்டி ரைசன் 7 7840எச்எஸ். 2023-ஆம் ஆண்டுச் சரக்கு. 8 கோர், 16 த்ரெட், 3.8-லிருந்து 5.1 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 16 எம்பி. எவ்வளவு வாட் என்பதை 35-லிருந்து 54-க்குள் லேப்டாப் கம்பெனி தீர்மானிக்கும். கடைசியில் சொன்ன இந்த விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், பிறகு வருவோம்.

வேகத்தைக் கையாலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஜியானில் 3.3 என்பது ஒன்றிரண்டு கோர் ஓடும்போது மட்டும். 14-ம் சேர்ந்து உழைத்தால் 2.9-ல் நிற்கும். 14 × 2.9 = 40.6. ரைசனின் எட்டு கோரும் 54 வாட்டில் சுமார் 4.2-ல் ஓடுவதாக வைத்தால் 8 × 4.2 = 33.6. இதுவரை ஜியான்தான் முன்னால். ஆனால் ஒவ்வொரு கிகாஹெர்ட்ஸிலும் ரைசனின் ஜென் 4 கோர், ஜியானின் பிராட்வெல் கோரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு வேலை முடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏழு வருட வடிவமைப்பு வித்தியாசம். 33.6-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 50. அதாவது எல்லாக் கோரும் ஓடும் வேலையிலேயே லேப்டாப் சிப் கால்பங்கு முன்னால். அதே சிப்பை 35 வாட்டில் கட்டிவைத்த ஒல்லி லேப்டாப்பில் வேகம் 3.5 அளவுக்கு இறங்கும். அப்போது இருவரும் ஏறக்குறைய சமம். இது தோராயக் கணக்கு. மென்பொருளைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், திசை மாறாது.

ஒரே கோரை நம்பும் வேலைக்கு வந்தால் போட்டியே இல்லை. 5.1 எதிர் 3.3, அதன்மேல் அந்த ஒன்றரை மடங்கு: இரண்டு மடங்குக்கும் மேல். டாலி, எக்செல், ஆட்டோகேடில் வரைவது, பிரவுசரில் கனமான பக்கத்தைத் திறப்பது எல்லாம் இந்த வகை. "14 கோர் வாங்கியும் டாலி மெதுவா இருக்கே" என்பவருக்கு இதுதான் பதில். டாலிக்கு 14 கோரில் 12-ஐ என்ன செய்வதென்றே தெரியாது.

வீடியோ எடிட்டிங்கில் இன்னொரு இடி. ஜியான் இ5-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. செல்போனிலோ கேமராவிலோ எடுத்த எச்.264, எச்.265 கிளிப்பை டைம்லைனில் இழுத்தால், லேப்டாப் சிப்புக்குள் இருக்கும் வீடியோ எஞ்சின் அதை அலட்டாமல் விரித்துத் தரும். ஜியானில் அத்தனை பாரமும் கோர்களின் தலையில் விழும். நல்ல கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போட்டால்தான் சமாளிக்கும். வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் கல்யாண வீடியோ வெட்டுபவர்கள் ஜியானை எடுத்துவிட்டு, "ப்ளேபேக் திக்குது" என்று திரும்பிப் போவது இதனால்தான். திரையில் படம் வருவதற்கே ஒரு கார்டு வேண்டும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஜியானை ஏன் வாங்க வேண்டும்? ரேமுக்காக. 7840எச்எஸ் லேப்டாப்பில் இரண்டு ஸ்லாட். சாதாரணமாக 64 ஜிபி வரை, 48 ஜிபி ஸ்டிக் கிடைத்து லேப்டாப்பும் ஏற்றுக்கொண்டால் 96. பல ஒல்லி மாடல்களில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், வாங்கிய அன்று எவ்வளவோ அவ்வளவுதான் கடைசிவரை. ஜியானில் எட்டு ஸ்லாட் போர்டு என்றால் 16 ஜிபி ஸ்டிக் எட்டு போட்டு 128, பெரிய ஸ்டிக் போட்டால் 256. டெவ்ஆப்ஸ் (சர்வர்களில் மென்பொருளை ஏற்றி நடத்தும் வேலை) படிப்பவர் வீட்டில், பல மெஷின்களில் மென்பொருளைப் பகிர்ந்து ஓட்டும் குபர்னெட்டிஸுக்கு லேப் கட்டுகிறார், 8 ஜிபி வீதம் பத்து விர்ச்சுவல் மெஷின் (ஒரே பெட்டிக்குள் ஓடும் தனித்தனி மென்பொருள் கம்ப்யூட்டர்) என்றால் 80 ஜிபி. அங்கே 64 ஜிபி லேப்டாப் மூச்சுத் திணறும். ஜியான் சும்மா உட்கார்ந்திருக்கும். பத்து மெஷினும் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருப்பதால் கோர் மெதுவாக இருப்பது தெரியாது.

கூடவே ரேமில் ஒரு பிட் தவறினால் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி வசதி ஜியானுக்கு உண்டு. டிடிஆர்5 ரேமிலும் இசிசி இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்குள்ளேயே முடிந்துபோகும் திருத்தம். ரேமிலிருந்து பிராசசருக்கு வரும் வழியில் நடக்கும் பிழைக்கு அதில் காவல் இல்லை. ஒரு அலுவலகத்தின் கணக்கு முழுவதையும் வைக்கும் சர்வருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். தனி ஆளின் மேசைக்கு அவ்வளவு இல்லை.

இன்னொரு காரணம் கார்டுகள். கார்டுகளைப் பிராசசரோடு இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் 40 இருப்பதால் இரண்டு கிராபிக்ஸ் கார்டுக்கு முழு 16 வீதம் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டும் செருகலாம். லேப்டாப்பில் இதற்கு வழியே இல்லை.

ஆனால் "நாலு சேனல் ரேம், அதனால் வேகம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். சேனல் என்பது ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பாதை. நான்கு சேனலிலும் டிடிஆர்4-2400 போட்டால் நொடிக்கு 76.8 ஜிபி. லேப்டாப்பின் இரண்டு சேனல் டிடிஆர்5-5600 அதையும் தாண்டி 89.6. வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்ட ஜியான் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 70 பில்லியன் பாராமீட்டர் மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 40 ஜிபி. மாடல் எழுதும் ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல் அல்லது சொல்லின் துண்டு) அந்த 40 ஜிபி முழுவதையும் ஒருமுறை ரேமிலிருந்து படித்தாக வேண்டும். 76.8-ஐ 40-ஆல் வகுத்தால் நொடிக்கு இரண்டு டோக்கன்கூட வராது. லேப்டாப்பில் இரண்டு வந்தால் அதிர்ஷ்டம். இரண்டுமே கிராபிக்ஸ் கார்டின் வேலையைச் செய்யாது. ஒரு எச்சரிக்கை: லேப்டாப்பை ஒரே ஸ்டிக்கோடு விற்பார்கள். அப்படியே ஓட்டினால் 89.6 பாதியாகி 44.8 ஆகும், சிப்பின் கிராபிக்ஸும் நொண்டும். இரண்டாவது ஸ்டிக்கை வாங்கும்போதே போட்டுவிடுங்கள்.

அசெம்பிள் செய்யும்போது எங்கே இடறும் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும். ஜியானில் சிப் மலிவு; தலைவலி எல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலில் சிப்பின் மேல்மூடியைப் படியுங்கள். இ5-2680 வி4 என்றால் எஸ்ஆர்2என்7 என்ற குறியீடு இருக்க வேண்டும். க்யூ எழுத்தில் ஆரம்பிக்கும் குறியீடோ, "கான்ஃபிடென்ஷியல்" என்ற சொல்லோ இருந்தால் அது சோதனைக்காக அடித்த மாதிரிச் சிப். சில போர்டில் ஏறும், சிலதில் ஏறாது. இதே வரிசையின் முதல் இரண்டு தலைமுறைகளான வி1, வி2 பக்கமே போகாதீர்கள்: பழைய டிடிஆர்3 ரேம்தான், புதிய மென்பொருள்கள் கேட்கும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் கிடையாது, ரெட் ஹேட் லினக்ஸ் 10 அவற்றில் ஏறாது. வி3-ஐ "டர்போ அன்லாக்" செய்து தருகிறோம் என்பார்கள். எல்லாக் கோரையும் உச்ச வேகத்தில் (டர்போ) ஓடவைக்கும் அந்தப் பயாஸ் (போர்டின் தொடக்க மென்பொருள்) வித்தை வி3-ல் மட்டும் நடக்கும். வி4-க்கும் செய்து தருகிறோம் என்றால் அந்தக் கடையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

அடுத்தது போர்டு. புதிதாக வரும் மலிவான எக்ஸ்99 சீன போர்டுகள் பலவற்றில் இருப்பது எக்ஸ்99 சிப்செட்டே (போர்ட்களைக் கவனிக்கும் துணைச் சிப்) அல்ல. பழைய டெஸ்க்டாப் போர்டுகளிலிருந்து கழற்றிய எச்81, பி85 போன்ற சிப்செட். கம்ப்யூட்டர் ஓடும். ஸ்லீப் போட்டால் எழாது, சாட்டா போர்ட் குறையும், பயாஸ் அப்டேட் என்று ஒன்று வராது. அதைவிட முக்கியம், பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதி. அதன்மேல் ஹீட்சிங்க் இல்லாத போர்டில் 120 வாட் சிப்பைப் போட்டு மணிக்கணக்கில் ரெண்டர் விட்டால், மே மாதத்தில் அந்தப் பகுதி கொதித்து வேகம் தானாக விழும். ஒருநாள் போர்டே போகும். விரலை அருகில் வைக்க முடியாத சூடு என்றால் அதன்மேல் காற்று அடிக்கும்படி ஒரு சின்ன ஃபேன் கட்டாயம்.

போர்டை மேசையில் வைத்து, சாக்கெட்டின் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வகையில் பின் இருப்பது சிப்பில் அல்ல, சாக்கெட்டில். ஒரு பின் வளைந்திருந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிடும். நான்கில் ஒரு ரேம் சேனல் மட்டும் காணாமல் போகும். எட்டு ஸ்டிக் போட்டு ஆறுதான் தெரிகிறது என்றால் ரேமைத் திட்டாதீர்கள், முதலில் பின்களைப் பாருங்கள்.

ரேமில் ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2400டி என்பதற்குப் பின் 'ஆர்' எழுத்து வந்தால் சர்வர் ரேம், 'யு' வந்தால் சாதாரண டெஸ்க்டாப் ரேம், 'எல்' என்றால் சுமை குறைத்த சர்வர் ரேம். மூன்றையும் ஒரே போர்டில் கலக்க முடியாது. சர்வர் ரேம் பிறகு உங்கள் சாதாரண டெஸ்க்டாப்பில் ஏறாது. மறுவிற்பனைக்கு ஆள் குறைவு. நான்கு சேனலும் வேண்டுமென்றால் நான்கு ஸ்டிக்காக வாங்க வேண்டும். இரண்டு பெரிய ஸ்டிக் போட்டால் வேகம் பாதி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறியிருப்பதால், சிப் மலிவு என்ற மகிழ்ச்சியில் கிளம்பாமல் முதலில் ரேம் விலையைக் கேளுங்கள். மொத்த பில்லில் அதுதான் பெரிய வரி.

கூலர் வாங்குவதில் நடக்கும் தப்பு வேடிக்கையானது. சிப்பைப் பூட்டும் சட்டத்தின் திருகு இடைவெளி இரண்டு வகை: 80 × 80 மில்லிமீட்டர் சதுரம், 56 × 94 மில்லிமீட்டர் நீள்வடிவம். சர்வர் போர்டுகளில் பெரும்பாலும் இரண்டாவது. ஸ்கேல் எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் பிராசசருக்கான 8 பின் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே கடையில் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பவர்களுக்கு எச்பி இசட்440, டெல் டி5810 போன்ற ரீஃபர்ப் (பழையதைச் சரிபார்த்து விற்கும்) ஒர்க்ஸ்டேஷன் நல்ல வழி. இரண்டிலும் எட்டு ரேம் ஸ்லாட், உருப்படியான கூலர், அடக்கமான சத்தம். மூன்று கவனம்: பயாஸ் பழையதாக இருந்தால் வி4 சிப் போட்டதும் திரை கருப்பாகவே நிற்கும், வி3 சிப் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டு அப்டேட் செய்துதான் மாற்ற வேண்டும். எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனியின் தனி வடிவம், பழுதானால் தெருமுனைக் கடையில் கிடைப்பது பொருந்தாது. டி5810 425 வாட்டிலும் வரும், 685, 825 வாட்டிலும் வரும். பெரிய கிராபிக்ஸ் கார்டு போடுவதாக இருந்தால் 425-ஐ எடுக்காதீர்கள். டேட்டா சென்டர் அடுக்கில் செருகும் தட்டையான ராக் சர்வரை வீட்டுக்குள் கொண்டுவரும் யோசனை இருந்தால், கடையில் அதை ஆன் செய்து பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். அதன் ஃபேன் சத்தத்தில் யோசனை தானாகப் போய்விடும்.

விண்டோஸ் 11 இந்தச் சிப்பை அதிகாரபூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. லினக்ஸ், விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்றால் ஒரு தொந்தரவும் இல்லை. 2018-ல் வெளிவந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான அடைப்பு, டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் ஓயாமல் தொடும் வேலைகளில் ஜியானைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும்; ஏஎம்டி சிப்புகளுக்கு அந்த ஓட்டையே கிடையாது.

இப்போது மின்சாரம். சும்மா ஆன் ஆகி நிற்கும் ஜியான் கம்ப்யூட்டர், சின்ன கிராபிக்ஸ் கார்டோடு, சுவரிலிருந்து 70 முதல் 90 வாட் இழுக்கும். முழு வேலையில் 200-ஐத் தொடும். லேப்டாப் சும்மா இருந்தால் 10-லிருந்து 15, முழு வேலையில் 80 பக்கம். 24 மணி நேரமும் ஓடும் சர்வராக வைத்து, 80 வாட் என்று கொண்டால் இரண்டு மாத ரீடிங்கில் 115 யூனிட். லேப்டாப் 13 வாட்டில் 19 யூனிட். யூனிட் சராசரி 8 ரூபாய் என்று வைத்தால் 920 ரூபாய் எதிர் 150 ரூபாய். வருடத்துக்கு 4,600 ரூபாய் வித்தியாசம். வீட்டு இணைப்பில் அரசு தரும் இலவச யூனிட்டில் பெரும்பங்கை இந்த ஒரு பெட்டியே சாப்பிட்டுவிடுகிறது. மொத்தம் 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு விலைப்பட்டியலே வேறு. மூன்று வருடக் கணக்கில் சிப்பில் மிச்சம் பிடித்ததை மின்வாரியத்துக்குக் கட்டியிருப்பீர்கள். ஏசி அறையில் வைத்தால் அந்த 200 வாட் சூட்டை வெளியேற்ற ஏசியும் சேர்ந்து உழைக்கும். தினமும் நாலு மணி நேரம் லேப் பயிற்சிக்கு மட்டும் ஆன் செய்பவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை.

கரண்ட் போனால் லேப்டாப்புக்குத் தன் பேட்டரி உண்டு. ஜியானுக்கு யுபிஎஸ் வேண்டும். 600 விஏ யுபிஎஸ் 200 வாட் பாரத்தைச் சில நிமிஷம்தான் தாங்கும், முறையாக ஷட்டவுன் செய்ய அது போதும்.

லேப்டாப் பக்கமும் குழிகள் இருக்கின்றன. ரைசன் 7 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் கோரின் தலைமுறை: 7840-இல் 4 என்றால் ஜென் 4, 7730யு-இல் 3, அதாவது ஜென் 3, 7520யு-இல் 2, அது இன்னும் பழையது. இன்டெல்லில் "ஐ7தான் வேணும்" என்று கேட்டு ஐ7-1355யு வாங்கினால் கிடைப்பது 15 வாட் சிப், அதில் பெரிய (வேகமான வகை) கோர் இரண்டுதான். பெரிய கோர் நான்கு உள்ள ஐ5-12450எச், நீண்ட நேர வேலையில் அதைச் சுலபமாக முந்தும். ஐ5 என்று தலைப்பில் இருப்பதால் கௌரவம் குறைவாம்.

ஒரே சிப் இரண்டு லேப்டாப்பில் இரண்டு விதமாக ஓடும் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு வருவோம். கடையில் வேகம் அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை இரண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டுவது, கொஞ்ச நேரம் மட்டும் எட்டும் பூஸ்ட் வேகம். பத்து நிமிஷம் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தின் மதிப்பெண்ணுக்கும் கடைசி ஓட்டத்துக்கும் 10 சதவீதத்துக்குமேல் இறக்கம் இருந்தால், கூலிங் போதவில்லை என்று அர்த்தம். அதுவும் கடையின் ஏசியில். கத்திரி வெயிலில் 36 டிகிரி அறையில் இன்னும் இறங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் ஈரமும் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கில் களிபோல் படியும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து துடைத்து, இரண்டு வருடத்தில் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினால் இழந்த வேகம் திரும்பும். லேப்டாப்பை நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வைப்பதாக இருந்தால் பேட்டரி வரம்பை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். இல்லையென்றால் உப்பி டச்பேடைத் தூக்கும். பேட்டரித் தொல்லையும் வேண்டாம், 24 மணி நேரமும் ஓட வேண்டும் என்றால் இதே 7840எச்எஸ் சிப் போட்ட மினி பிசி வருகிறது. 64 ஜிபிக்குள் வேலை முடிகிறவர்களுக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

புதிய சர்வர் சிப்பையும் சேர்த்து ஒப்பிடலாமே என்றால், அது வேறு உலகம். ஏஎம்டி எபிக் 9654-இல் 96 கோர், 12 சேனல் ரேம், 360 வாட். அறிமுக விலை 11,805 டாலர். அதன் பக்கத்தில் எந்த லேப்டாப்பும் நிற்காது, மாத பட்ஜெட்டும் நிற்காது. பழைய எபிக் மலிவாகக் கிடைத்தால் ஒன்றைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்: எந்தக் கம்பெனி சர்வரிலிருந்து கழற்றியது? சில கம்பெனி போர்டில் ஒருமுறை ஏறிய எபிக் சிப், பாதுகாப்புப் பூட்டு விழுந்து வேறு கம்பெனி போர்டில் ஆன் ஆகாது. அந்தப் பூட்டைக் கழற்ற வழி இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது லினக்ஸும், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டும் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைப் பையில் வையுங்கள். ஜியானில் 28 த்ரெட்டுக்கும் சுமை கொடுத்துப் பதினைந்து நிமிஷம் வெப்பத்தைப் பாருங்கள். எல்லாக் கோரும் 2.9-ல் நிற்கிறதா, போட்ட ரேம் முழுவதும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 128 ஜிபி ரேமுக்கு மெம்டெஸ்ட் ஒரு சுற்று முடியவே மணிக்கணக்காகும், கடையில் முடியாது. "டெஸ்டிங் வாரண்டி" எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, அன்று இரவே வீட்டில் ஓடவிடுங்கள். மெட்ரோவில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் போனால் பத்து நிமிஷம் சினிபெஞ்ச் ஓட்ட எந்தக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது. வார நாளில் காலை பதினொன்றுக்குப் போவதே நல்லது.